பேச்சு வரலைன்னா தமிழை நிறுத்தாதீங்க, மொதல்ல காதை பாருங்க

தம்பி, நீங்க எழுதுனதை முழுசா படிச்சேனுங்க. கேரள எல்லையில கொழிஞ்சாம்பாறை பக்கம் வீடு, பையனுக்கு 2 வயசு 4 மாசம், அம்மா, பா, வா, வெள்ளம், இப்படி நாலஞ்சு வார்த்தைதான் வருது, ரெண்டு வார்த்தை சேத்தி சொல்றதில்ல. பொறந்தப்ப மஞ்ச காமாலைக்கு அஞ்சு நாள் லைட்ல வெச்சிருந்தாங்க, ஆனா காது டெஸ்ட் பாஸுன்னு பேப்பர் குடுத்தாங்க. வீட்ல தமிழ், அங்கன்வாடியிலயும் பக்கத்து வீட்டு சேச்சிகிட்டயும் மலையாளம். ரெண்டு மொழியில குழம்பிட்டான், இனி வீட்லயும் மலையாளமே பேசுங்கன்னு ஒருத்தர் சொல்றாங்க, அப்பனும் 3 வயசுக்கு மேலதான் பேசுனான் சும்மா இருன்னு உங்கம்மா சொல்றாங்க. இதுக்கு நடுவுல உங்க அப்பாவுக்கு எட்டு மாசம் முன்னாடி ஸ்ட்ரோக் வந்து பேச்சு போயிருச்சு, வர்ற ஒண்ணு ரெண்டு வார்த்தையும் சில நேரம் மலையாளமா வருது. இதுக்கெல்லாம் ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு கேட்டிருக்கீங்க.

நான் இந்த எல்லையோரத்துல இருபது வருசத்துக்கு மேல காது டெஸ்ட்டும் ஸ்பீச் தெரபியும் பண்ணிட்டு இருக்கேன், பாதி நாள் ஒரே குழந்தைகிட்ட ரெண்டு மொழியில பேசித்தான் வேலை ஓடும். அதனால மொதல்லயே சொல்லிர்றேன். ரெண்டு மொழியால பேச்சு லேட்டாகாது. வீட்ல தமிழை நிறுத்தாதீங்க. இந்த மாசமே பையனுக்கு முழு காது டெஸ்ட் எடுங்க, மத்த விசாரணை எல்லாம் அதுக்கப்புறம் வெச்சுக்கலாம்.

குக்கர் விசில் அடிச்சா திரும்பறான், பஸ் ஹாரன் கேட்டா ஓடி வர்றான், அதனால காது நல்லா இருக்குதுன்னு எழுதியிருக்கீங்க. இதைத்தான் என்கிட்ட வர்ற பத்து வீட்ல எட்டு வீடு சொல்லுது. கேக்குதா கேக்கலையான்னு ரெண்டா பிரிக்கிற விசயம் இல்லீங்க இது. நாம சாதாரணமா பேசறது சுமார் 60 டெசிபல், விசிலும் ஹாரனும் செண்டையும் அதுக்கு ரொம்ப மேல. 50 டெசிபல் அளவுக்கு காது மந்தமா இருக்குற குழந்தை குக்கருக்கு கண்டிப்பா திரும்பும், ஆனா அடுப்படியில இருந்து நீங்க "கண்ணு, சோறு திங்க வா"ன்னு கூப்பிட்டா அதுக்கு ஏதோ முனகல் மாதிரித்தான் விழும். இன்னும் சில குழந்தைங்களுக்கு கனத்த சத்தம், அதாவது சுருதி தாழ்ந்தது, நல்லா கேக்கும், சுருதி ஒசந்த மெல்லிசான சத்தம் மட்டும் கேக்காது. அ, ஆ, ஊ எல்லாம் காதுல விழுகும், ச, த, க, ப விழுகாது. அப்ப "சட்டை"யும் "கட்டை"யும் "பட்டை"யும் அந்த குழந்தைக்கு ஒரே வார்த்தை, அதை வெச்சு அது எப்படி பேச்சு கத்துக்கும்?

ஒரு பாட்டி பேரனை கூட்டிட்டு வந்து, கையோட ரெண்டு தட்டமும் கொண்டு வந்திருந்தாங்க. "நீங்களே பாருங்க டாக்டரம்மா"ன்னு அவனுக்கு பின்னாடி போயி டங்குன்னு தட்டுனாங்க, பையன் படக்குன்னு திரும்பினான். நான் அவனை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கமா திருப்பி உக்கார வெச்சு, பாட்டியோட நிழல் சுவத்துல விழாத மாதிரி நிறுத்தி, அவங்க அம்மாவை முகத்துல எந்த மாத்தமும் காட்டாம இருக்க சொல்லிட்டு, மறுபடி தட்டச் சொன்னேன். திரும்பல. ஒரு தடவை இல்ல, நாலு தடவை. இத்தனை நாளும் அவன் நிழலையும் அம்மா கண்ணையும் பாத்து திரும்பியிருக்கான். காது கேக்காத குழந்தைங்களுக்கு கண்ணு அவ்வளவு கூர்மையா வேலை செய்யும், பெத்தவங்க ஏமாந்துபோறதுல எந்த தப்பும் இல்ல. இந்த பரீட்சையை வீட்ல வெச்சு முடிவு கட்டாதீங்கன்னுதான் சொல்றேன்.

இப்ப அந்த பாஸ் பேப்பர். பொறந்ததும் காதுல சின்ன ரப்பர் முனை வெச்சு ஒரு நிமிசத்துல பாக்குறாங்களே, அது ஓஏஇ டெஸ்ட். 1978ல லண்டன்ல டேவிட் கெம்ப்ங்கற விஞ்ஞானி, காதுக்குள்ள சத்தம் போனா காதே திருப்பி ஒரு மெல்லிய எதிரொலி விடுதுன்னு கண்டுபிடிச்சார், அதைத்தான் அந்த மிஷின் புடிக்குது. அருமையான டெஸ்ட், நம்ம கொச்சியில குழந்தை டாக்டருங்க 2003ல இருந்தே ஒரு மிஷினை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா கொண்டு போயி பொறந்த குழந்தைங்களை பாத்தாங்க, அது மத்த ஊருக்கெல்லாம் ஒரு வழிகாட்டியா இருந்துச்சு. ஆனா அந்த எதிரொலி வர்றது உள்காதுல இருக்குற மயிர் மாதிரியான செல்லுங்ககிட்ட இருந்து. அதுக்கு மேல நரம்பு வழியா மூளைக்கு ஒழுங்கா போகுதான்னு அதுக்கு தெரியாது. கடுமையான மஞ்ச காமாலை, கொறை மாசம், பொறந்ததும் மூச்சு திணறல், இந்த மாதிரி குழந்தைங்கள்ல சிலருக்கு எதிரொலி நல்லா வரும், நரம்புல சிக்னல் தாறுமாறா போகும். ஆடிட்டரி நியூரோபதின்னு பேரு. அதுக்கு பெரா டெஸ்ட்தான் பாக்கோணும், தலையில எலெக்ட்ரோடு ஒட்டி நரம்போட பதிலை அலை அலையா வாங்கறது.

மீனாட்சிபுரம் தாண்டி ஒரு ஊர்ல இருந்து 4 வயசு பொண்ணு ஒருத்தி வந்தா. அவங்கப்பா பாஸ் பேப்பரை பிளாஸ்டிக் கவர்ல போட்டு நாலு வருசமா பத்திரமா வெச்சிருந்தார். யாரு கேட்டாலும் அதை எடுத்து காட்டி, காது நல்லா இருக்குது, பேச்சுதான் வரலைன்னு சொல்லுவார். குழந்தை பொறந்த ஆஸ்பத்திரியில ரத்தம் மாத்துற அளவுக்கு காமாலை, ஆனா பெரா பாக்கோணும்னு ஒருத்தரும் சொல்லல. அந்த கவரை அவர் என் மேசை மேல வெச்ச விதம் இன்னும் என் கண்ணுல இருக்கு. உங்க பையனுக்கு அப்படித்தான் இருக்கும்னு நான் சொல்ல வரல, லைட்ல வெச்ச குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. ஆனா காமாலை இருந்துச்சு, பேச்சு வரல, இந்த ரெண்டும் சேந்தா அந்த பழைய பேப்பரை நம்பி உக்காரக்கூடாது. பொறந்தப்ப நல்லா இருந்து அப்புறம் போற காதும் உண்டு, மூளைக்காய்ச்சல், பொன்னுக்கு வீங்கி, சில கடுமையான ஆன்டிபயாடிக் ஊசி, காதுக்குள்ள நீர் கட்டுறது, அடிக்கடி சீழ் வடியறது, இப்படி.

இன்னொண்ணும் எழுதியிருந்தீங்க, வீட்டுக்காரம்மா உங்க மாமன் பொண்ணுன்னு. இதை யாரையும் குத்தம் சொல்ல எழுதல. பொறவியிலயே வர்ற காது கேளாமையில பெரும்பங்கு ஜீன் வழியா வருது, அதுல அதிகமா பேசப்படறது கனெக்சின் 26ங்கற ஜீன், அதுல பிழை இருந்தா காது கேக்காம போகும்னு 1997ல கண்டுபிடிச்சாங்க, நம்ம நாட்டு குடும்பங்கள்ல டபிள்யூ24எக்ஸ்ங்கற ஒரு குறிப்பிட்ட பிழை அதுல அடிக்கடி பாக்குறாங்க. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் காது நல்லா கேக்கும், ஆனா ரெண்டு பேரும் அந்த பிழையில ஒவ்வொரு பிரதி வெச்சிருந்தா ஒவ்வொரு பிரசவத்துலயும் 25 சதவீதம் வாய்ப்பு குழந்தைக்கு ரெண்டும் சேந்து வர. சொந்தத்துல கட்டுனா ரெண்டு பேரும் ஒரே பிழையை வெச்சிருக்குற வாய்ப்பு கூடுது, அவ்வளவுதான் கணக்கு. சொந்தத்துல கட்டியும் நல்லா கேக்குற குழந்தைங்க ஏராளம். டெஸ்ட் எடுக்க இதுவும் ஒரு காரணம்னு மட்டும் மனசுல வையுங்க.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்தறேன்னு கேப்பீங்க. 1984ல கனடாவுல ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. இங்கிலீஷ் பேசற வீட்டு குழந்தைங்களுக்கு இந்தியில இருக்குற "ட"வையும் "த"வையும் கேக்க வெச்சாங்க. நமக்கு அது ரெண்டும் தனித்தனி எழுத்து, இங்கிலீஷ்காரங்க காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். 6லிருந்து 8 மாச குழந்தைங்க ரெண்டையும் பிரிச்சு கண்டுபிடிச்சுது, 10லிருந்து 12 மாசம் ஆனப்ப அதே வீட்டு குழந்தைங்களால முடியல. அதாவது ஒரு வயசுக்குள்ளயே மூளை தன் ஊரு சத்தம் எது, தேவையில்லாத சத்தம் எதுன்னு கணக்கு போட்டு முடிக்குது. காது வழியா ஒண்ணுமே உள்ள போகலைன்னா எதை வெச்சு கணக்கு போடும்? அனு சர்மான்னு ஒரு விஞ்ஞானி, காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்கிற மின்கருவி, வெச்ச குழந்தைங்களோட மூளை சத்தத்துக்கு எப்படி பதில் சொல்லுதுன்னு அளந்து பாத்தாங்க, சுமார் 3½ வயசுக்குள்ள வெச்சவங்களுக்கு பெரும்பாலும் மத்த குழந்தைங்க அளவுக்கு வந்துருது, 7 வயசுக்கு மேல வெச்சவங்களுக்கு அப்படி வர்றதில்ல. கொலராடோவுல யோஷினாகா இடானோ 1998ல 150 குழந்தைங்களை வெச்சு பாத்ததுல, 6 மாசத்துக்குள்ள கண்டுபிடிச்சு வேலையை ஆரம்பிச்ச குழந்தைங்க மொழியில நல்லா முன்னாடி நின்னாங்க. 1 மாசத்துக்குள்ள ஸ்கிரீனிங், 3 மாசத்துக்குள்ள உறுதிப்படுத்தறது, 6 மாசத்துக்குள்ள காது மிஷினும் பயிற்சியும், இப்படி டாக்டருங்க ஒரு கெடு வெச்சிருக்கறது இதனாலதான். உங்க பையனுக்கு அந்த கெடு தாண்டிருச்சு, சரி, ஆனா 2 வயசு 4 மாசம்ங்கறது இன்னும் கையில நல்ல நேரம் இருக்குற வயசு. இன்னும் ஒரு வருசம் "தானா வரும்"னு போச்சுன்னா அது வேற கதை.

இப்ப மொழி விசயத்துக்கு வர்றேன், இதுல எனக்கு ஒரு மனச்சுமை இருக்குது. நான் வேலைக்கு சேந்த புதுசுல, எங்களுக்கு அப்ப சொல்லிக் குடுத்ததும் சுத்தி எல்லாரும் சொன்னதும் அதுதான், பேச்சு லேட்டான குழந்தைக்கு ஒரு மொழிதான் பேசோணும்னு நானும் ஒரு குடும்பத்துகிட்ட சொல்லிட்டேன். அவங்க ஸ்கூல் மலையாளம்தானேன்னு மலையாளத்தை வெச்சுகிட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு அந்த வீட்டுக்கு போனப்ப அம்மாயி, குழந்தையோட அம்மாவை பெத்தவங்க, திண்ணையில தனியா உக்காந்திருந்தாங்க. பகல் பூராவும் குழந்தையை பாத்துக்கறது அவங்கதான், அவங்களுக்கு தமிழ் மட்டும்தான் தெரியும். "நான் பேசுனா புள்ளைக்கு கெடுதல்னு சொன்னாங்க கண்ணு, அதான் வாயை மூடிட்டு இருக்கேன்"னாங்க. அந்த குழந்தைக்கு நாள் முழுக்க கிடைக்க வேண்டிய பாட்டு, கதை, கொஞ்சல், திட்டு எல்லாத்தையும் நான் ஒரே வார்த்தையில புடுங்கிட்டேன். அன்னைக்கே அம்மாயிகிட்ட மன்னிப்பு கேட்டு, இனி நாள் பூரா தமிழ்ல பேசுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.

ஆராய்ச்சி இதுல தெளிவா இருக்குங்க. 2001ல மான்ட்ரியல்ல லாரா ஆன் பெட்டிட்டோ குழுவினர் ரெண்டு மொழி கேட்டு வளர்ற குழந்தைங்களை தொடர்ந்து கவனிச்சாங்க, அதுல பிரெஞ்சும் இங்கிலீஷும் கேட்டவங்களும் இருந்தாங்க, பிரெஞ்சும் சைகை மொழியும் பாத்து வளர்ந்தவங்களும் இருந்தாங்க. மொத வார்த்தை, 50 வார்த்தை, ரெண்டு வார்த்தை சேத்தி பேசறது எல்லாம் ஒரு மொழி குழந்தைங்களுக்கு வர்ற வயசுலயே வந்துச்சு. டவுன் சின்ட்ரோம் இருக்குற குழந்தைங்க ரெண்டு மொழி கேட்டு வளர்ந்தாலும் ஒரு மொழியில வளர்ற அதே மாதிரி குழந்தைங்களை விட பின்தங்கறதில்லைன்னும் ஆராய்ச்சி வந்திருக்கு. ஒண்ணு மட்டும் உண்மை, ஒவ்வொரு மொழியையும் தனியா எண்ணுனா வார்த்தை கொஞ்சம் கொறைவா தெரியும். அதனால எண்ணும்போது ரெண்டையும் சேத்தி எண்ணோணும். உங்க பையன் "வெள்ளம்"னு சொல்றான் பாருங்க, நம்ம தமிழ்ல வெள்ளம்னா ஆத்துல வர்றது, அவன் கேக்கறது குடிக்கிற தண்ணி, அதை சேச்சி வீட்ல கத்துகிட்டு வந்து உங்ககிட்ட சரியா பயன்படுத்தறான். அது குழப்பம் இல்லீங்க, ஒரு முழு வார்த்தை. நாளைக்கு "தண்ணி"யும் சொன்னா அது இன்னொரு வார்த்தை. பூனையை பாத்து "பூச்ச"ன்னா அதையும் எழுதி வையுங்க. "எனக்கு டீ வேண்டாம், வெள்ளம் மதி"ன்னு, மதின்னா மலையாளத்துல போதும், இப்படி கலந்து பேசறதை நம்ம ஊர்ல பெரியவங்களே நாள் பூரா பண்றோம், அதை குழந்தை பண்ணுனா மட்டும் நோய்னு சொல்றது நியாயமில்ல. பேச்சுல நிஜமாவே கோளாறு இருக்குற குழந்தைக்கு ரெண்டு மொழியிலயும் அது தெரியும். ஒரு மொழியில நல்லா பேசி இன்னொண்ணுல பேசலைன்னா அது கோளாறு இல்ல, அந்த மொழி போதுமான அளவு காதுல விழல, அவ்வளவுதான்.

ஆனா உங்க பையனுக்கு ரெண்டையும் சேத்தி எண்ணுனாலும் நாலஞ்சுதான். 2 வயசுல சுமார் 50 வார்த்தையும் "அம்மா வா", "பால் வேணும்" மாதிரி ரெண்டு சேந்ததும் வந்திருக்கோணும். அதனாலதான் மொழியை குத்தம் சொல்லி உண்மையான காரணத்தை தவற விட்டுராதீங்கன்னு திரும்ப திரும்ப சொல்றேன்.

உங்கம்மா சொல்றதுலயும் பாதி உண்மை இருக்குது. லேட்டா பேச ஆரம்பிச்சு 3, 4 வயசுல மத்தவங்களோட சேந்துக்கிற குழந்தைங்க நிறையவே உண்டு, குடும்பத்துலயும் அது வரும். ஆனா 2 வயசுல நிக்கிற ஒரு குழந்தையை பாத்து இவன் சேந்துக்குவான், இவன் மாட்டான்னு உறுதியா சொல்ல எந்த டாக்டராலயும் முடியாது. நாம சொல்றதை நல்லா புரிஞ்சுக்கறான், வேணுங்கறதை கை நீட்டி காட்டறான், பொம்மைக்கு சோறு ஊட்டி விளையாடறான்னா நம்பிக்கை கூடும். புரியறதும் கொறைவா இருக்கு, கை நீட்டி காட்டறதில்ல, பேரு சொல்லி கூப்பிட்டா பாக்கறதில்ல, உங்க கையை புடிச்சு இழுத்துட்டு போயி பொருள் மேல வைக்கிறான்னா காது டெஸ்ட்டோட சேத்து ஆட்டிசத்துக்கும் பாக்கோணும். எம்சாட்னு 20 கேள்வி இருக்குற ஒரு படிவம், 16லிருந்து 30 மாசம் வரைக்குமான குழந்தைங்களுக்கு, தமிழ்லயும் இருக்குது, உங்க பையன் வயசு அதுக்குள்ள வருது. காதும் நல்லா இருந்து, ஆட்டிசமும் இல்லாம, மொழி மட்டும் தடுமாறுற குழந்தைங்களும் இருக்காங்க, டிஎல்டின்னு 2017ல இருந்து ஆராய்ச்சியாளர்கள் ஒத்துகிட்ட பேரு, ஸ்கூல் வயசுல நூத்துக்கு சுமார் ஏழு பேருக்கு இருக்குன்னு இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் எண்ணியிருக்காங்க. "மந்தம்"னு ஸ்கூல்ல முத்திரை குத்தற பல பசங்க இவங்கதான்.

நாக்கு ஒட்டியிருக்குது, அறுத்து விடலாமான்னு ஒரு வரி கேட்டிருந்தீங்க. நாக்கு ஒட்டியிருந்தா ல, ர, ட மாதிரி சில எழுத்து சிலருக்கு சரியா வராம இருக்கலாம், பேச்சே வராம போகாது. வசம்பு தேக்கறதும் அப்படித்தான், இங்க வசம்பு, அந்தப்பக்கம் வயம்பு, தேன்ல ஒரைச்சு நாக்குல வெச்சா பேச்சு வரும்ங்கற நம்பிக்கை ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். பெரியவங்க பாசத்துல செய்யறது, அவங்க மனசை புண்படுத்த வேண்டாம், ஆனா 1 வயசுக்குள்ள குழந்தைக்கு தேன் குடுக்கவே கூடாது, அதுல ஒரு கிருமி விசம் வரலாம். காதுல எண்ணெய் ஊத்தறது எந்த வயசுலயும் வேண்டாம், அதுவும் சீழ் வடியற காதுல ஊத்தவே கூடாதுங்க.

போன் பத்தி ஒரு ஆராய்ச்சி சொல்றேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணிக்குவீங்க. சியாட்டில்ல பாட்ரீசியா குல் 2003ல 9 மாச அமெரிக்க குழந்தைங்களை ரெண்டா பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கு சீன மொழி பேசறவங்க நேர்ல உக்காந்து 12 தடவை கதை சொல்லி விளையாடுனாங்க, இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆள் அதே கதையை வீடியோவுல. நேர்ல கேட்ட குழந்தைங்க சீன சத்தத்தை கத்துகிட்டாங்க, வீடியோ பாத்தவங்க ஒண்ணுமே கத்துக்கல. குழந்தைக்கு பேச்சு மனுச முகத்துல இருந்துதான் ஏறுது. பையன் ஏபிசிடி பாட்டு முழுசா பாடறான்னு எழுதியிருக்கீங்களே, அது சத்தத்தை ஒப்பிக்கறது, பசிச்சா "சோறு"ன்னு கேக்கறதுதான் பேச்சு. ஆனா ஒண்ணு, அப்படி ஒப்பிக்கறான்னா கொஞ்சமாவது காதுல விழுதுன்னு அர்த்தம், டெஸ்ட் பண்றவங்ககிட்ட மறக்காம இதை சொல்லுங்க.

எங்க போறதுன்னா, நீங்க கேரளாவுல இருக்கறதால பாலக்காடு மாவட்டத்துக்கான டிஇஐசின்னு கேட்டு போங்க, பொறவிக்குறை இருக்குற குழந்தைங்களுக்காக அரசு வெச்ச மையம், ஆர்பிஎஸ்கேங்கற அரசு குழந்தை நலத் திட்டத்துல 18 வயசு வரைக்கும் பாக்கறாங்க, அங்கன்வாடி டீச்சர் கிட்ட சொன்னா வழி காட்டுவாங்க. பெரிய எடம்னா திருவனந்தபுரத்துல நிஷ்ங்கற பேச்சு கேள்வி நிறுவனம், 1997ல ஆரம்பிச்சது, மைசூருல 1965ல இருந்து இருக்குற அகில இந்திய பேச்சு கேள்வி நிறுவனம், அங்க தமிழ் பேசறவங்களும் நிறைய வர்றாங்க. காது ரொம்ப கொறைவுன்னு தெரிஞ்சு இம்ப்ளான்ட் வேணும்னா கேரளாவுல ஸ்ருதிதரங்கம்னு திட்டம், 5 வயசுக்குள்ள குழந்தைங்களுக்கு. வயசு வரம்பு இருக்கறதால இதுலயும் நாள் கடத்தக்கூடாது. டவுன்ல கடை போட்டு டெஸ்ட்டே எடுக்காம காது மிஷின் விக்கிறவங்ககிட்ட போகாதீங்க, ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், பதிவு இருக்குற ஆடியாலஜிஸ்டான்னு, காது டெஸ்ட் பண்ண படிச்சவரான்னு கேளுங்க, கேக்கறதுக்கு கூச்சப்பட வேண்டாம். மிஷினோ இம்ப்ளான்டோ எது வெச்சாலும் கூடவே சைகையும் பயன்படுத்துங்க, சைகை காட்டுனா பேச்சு வராதுன்னு பயமுறுத்துவாங்க, பெட்டிட்டோ ஆராய்ச்சியில சைகையும் பேச்சும் சேந்து வளந்த குழந்தைங்க நேரத்துக்கே ரெண்டையும் கத்துகிட்டதை மேல சொன்னேன்.

இப்ப உங்க அப்பா. அவருக்கு வந்திருக்கறது அபேசியா, மூளையில மொழிக்கான பக்கத்துல ரத்த ஓட்டம் நின்னதால வந்தது. 1861ல பாரிஸ்ல பால் ப்ரோக்காங்கற டாக்டர் "டான்"ங்கற ஒரே சத்தத்தை மட்டும் சொல்லிட்டு இருந்த ஒரு நோயாளியோட மூளையை அவர் இறந்ததும் பாத்து, இடது பக்கம் முன்னாடி அடிபட்டிருக்குதுன்னு காட்டுனார், அதுல ஆரம்பிச்சது இந்த ஆராய்ச்சி. முக்கியமா வீட்ல எல்லாரும் புரிஞ்சுக்கோணும், அவருக்கு அறிவு போகல, வார்த்தைதான் கைக்கு எட்டல. ரெண்டு மொழி தெரிஞ்சவங்களுக்கு எது திரும்பி வரும்னு நூறு வருசத்துக்கு மேல விவாதம், ரிபோங்கறவர் மொதல்ல கத்துகிட்ட மொழி வரும்னார், 1895ல பித்ரேங்கறவர் இல்ல, அதிகமா புழங்குன மொழிதான் வரும்னார். பின்னாடி நிறைய பேரை சேத்து பாத்ததுல பெரும்பாலானவங்களுக்கு ரெண்டும் ஏறக்குறைய சேந்தே மீளுது, சிலருக்கு ஒண்ணு முந்துது, சிலருக்கு அவங்களையும் மீறி கலந்து வருது. உங்க அப்பா முப்பது வருசம் சித்தூர்ல மலையாளத்துல வியாபாரம் பண்ணுனவர்னு எழுதியிருக்கீங்க, அப்ப "வேண்டா", "மதி"ன்னு வர்றதுல ஆச்சரியமே இல்ல. அதை திருத்தாதீங்க. எந்த மொழியில வார்த்தை வந்தாலும் அதை புடிச்சுக்குங்க.

ஹைதராபாத் நிம்ஸ் ஆஸ்பத்திரியில சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013ல 648 மறதி நோயாளிங்களை பாத்து, ரெண்டு மொழி தெரிஞ்சவங்களுக்கு அந்த நோய் சராசரியா 4½ வருசம் தள்ளி வந்திருக்குன்னு சொன்னாங்க, எழுத படிக்க தெரியாதவங்களுக்கும் அது பொருந்துச்சு. அதே குழு 2016ல 608 ஸ்ட்ரோக் நோயாளிங்களை பாத்ததுல, ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் நினைவும் யோசனையும் சாதாரணமா இருந்தவங்க ரெண்டு மொழி தெரிஞ்சவங்கள்ல 40.5 சதவீதம், ஒரு மொழி மட்டும் தெரிஞ்சவங்கள்ல 19.6 சதவீதம். அபேசியா வர்றது மட்டும் ரெண்டு கூட்டத்துக்கும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருந்துச்சு. மத்த நாடுகள்ல பண்ணுன எல்லா ஆராய்ச்சியிலயும் இவ்வளவு தெளிவா வரல, அதையும் சொல்லோணும். ஆனா நம்மள மாதிரி தெருவுலயே ரெண்டு மொழி புழங்கற ஊருக்கு பக்கமான ஆராய்ச்சி இதுதான், உங்க பையனுக்கு எந்த மொழியை நிறுத்தலாம்னு கேக்கறப்ப இதையும் நினைச்சுக்குங்க.

எட்டு மாசம் ஆயிருச்சு இனி என்னன்னு விட்டுராதீங்க, அதுக்கப்புறமும் பயிற்சியில முன்னேறுறவங்களை நான் கண்ணால பாத்திருக்கேன், ஆராய்ச்சியும் அதைத்தான் சொல்லுது. பேச வராதவர் முருகன் பாட்டை எடுத்து விட்டா கூடவே பாடறார்னு எழுதியிருந்தீங்க, பாட்டோட ராகத்தை வெச்சு பேச்சை மீட்கற முறையே 1970கள்ல இருந்து இருக்குது, தெரபிஸ்டுகிட்ட இதை சொல்லுங்க. வீட்ல அவர்கிட்ட சின்ன சின்னதா பேசுங்க, ஆமா இல்லைன்னு தலையாட்டற மாதிரி கேளுங்க, காபியா டீயான்னா ரெண்டு டம்ளரையும் காட்டுங்க, கேட்டுட்டு பொறுமையா காத்திருங்க, டிவியை அமத்திருங்க. விருந்தாளி வந்தா "அப்பா, இது யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்"னு பரீட்சை வைக்காதீங்க, அதுல மனுசன் உள்ள நொறுங்கிருவார். பேரன்கூட உக்கார விடுங்க, ரெண்டு பேருக்கும் அது நல்லது.

அவருக்கும் காது டெஸ்ட் எடுங்க. 70 வயசுக்கு மேல நிறைய பேருக்கு சுருதி ஒசந்த மெல்லிசான சத்தம் கேக்கறது கொறைஞ்சிருக்கும், "கேக்குது ஆனா புரியல"ம்பாங்க, ஸ்ட்ரோக் வந்தவருக்கு அது சேந்தா ரெண்டு மடங்கு கஷ்டம். 2023ல அமெரிக்காவுல 70லிருந்து 84 வயசு வரைக்கும் 977 பேரை மூணு வருசம் பாத்த அச்சீவ்ங்கற ஆராய்ச்சியில, மொத்தமா எல்லாரையும் சேத்தா காது மிஷினால மறதி கொறையல, ஆனா ஏற்கனவே ஆபத்து அதிகமா இருந்தவங்களுக்கு யோசனைத்திறன் சரியறது 48 சதவீதம் மெதுவாச்சு.

பையனுக்கு பெரா டெஸ்ட் தேதி கிடைச்சதும் இதை கவனிச்சுக்குங்க. குழந்தை தூங்குனாத்தான் அந்த டெஸ்ட் எடுக்க முடியும். மொத நாள் ராத்திரி லேட்டா படுக்க வெச்சு, காலையில வெள்ளனே எழுப்பி விடுங்க, பஸ்ல தூங்கவே விடாதீங்க, பாதி வழியிலயே கண்ணு சொருகும், பாட்டு பாடியாவது முழிச்சிருக்க வையுங்க. தலைக்கு குளிப்பாட்டி கூட்டிட்டு வாங்க, ஆனா எண்ணெய் வைக்காதீங்க, எலெக்ட்ரோடு ஒட்டாது. தூக்க மருந்து தேவைன்னா அங்க டாக்டர் எடை பாத்து குடுப்பார், வீட்ல இருந்து குடுத்துட்டு வராதீங்க. சளியோ காது வலியோ இருந்தா முன்னாடியே போன் பண்ணி சொல்லுங்க. அந்த பழைய பாஸ் பேப்பர், காமாலைக்கு லைட்ல வெச்சப்ப குடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, ரெண்டு மொழியிலயும் அவன் சொல்ற வார்த்தையெல்லாம் எழுதுன ஒரு தாளு, மூணும் கையில இருக்கட்டும். அவன் போத்திட்டு தூங்கற துணி எதுவோ அதையும் எடுத்துக்குங்க, உங்க பையனோட அம்மாயி வந்தா இன்னும் நல்லது, அவங்க மடியிலதான் இவன் சீக்கிரம் தூங்குவான்னு நீங்களே எழுதியிருக்கீங்க.